பிஎச்பியில் நேரத்தைத் தமிழில் காட்டுவது: "மாலை 6.05 மணி" சரியாக வரவில்லை

மணிக்கூண்டு:
வணக்கம். நிகழ்ச்சி அறிவிப்புகள் போடும் தளம் ஒன்று. பிஎச்பி 8.2, மைஎஸ்க்யூஎல் 8. பக்கத்தில் நேரம் "மாலை 6.05 மணி" என்ற பாணியில் வர வேண்டும். வருவது வேறு.

ஜனவரி மாத நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் நிமிடம் 01 என்றே வருகிறது. 6.05, 6.30, 6.45 எது பதிந்திருந்தாலும் 6.01 தான். சோதனைக் கணினியில் மணியாவது சரியாக வருகிறது. சர்வரில் ஏற்றினால் மணியும் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. நிகழ்ச்சி நீளத்தை நொடியில் வைத்திருக்கிறேன். 3600ஐ டேட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் சோதனைக் கணினியில் 01:00:00க்குப் பதில் 06:30:00 வருகிறது.

காலை, மாலையை எங்கே வெட்டுவது என்பதிலும் குழப்பம். 12க்குக் கீழே காலை, மற்றதெல்லாம் மாலை என்று போட்டேன். பகல் ஒரு மணி விருந்து "மாலை 1 மணி" ஆகிவிட்டது.

ஃபார்மேட்டில் கொடுத்திருப்பது: சிறிய ஜி, புள்ளி, சிறிய எம்.

அரைப்புள்ளி:
முதல் பிழை அந்த சிறிய எம்மில் இருக்கிறது. பிஎச்பியின் டேட் ஃபங்ஷனில் சிறிய எம் என்றால் மாதம். ஜனவரி என்பதால் 01. பிப்ரவரியில் எல்லாம் 6.02 ஆகும். நிமிடத்துக்கு சிறிய ஐ. அதற்கு பூச்சியம் இல்லாத வடிவம் கிடையாது, எப்போதும் இரண்டு இலக்கம். நமக்கும் அதுதான் வேண்டும்.

மணிக்கு நான்கு எழுத்து உண்டு. சிறிய ஜி 12 மணிக் கணக்கு, முன்பூச்சியம் இல்லை (6). சிறிய எச் அதே கணக்கு, பூச்சியத்தோடு (06). பெரிய ஜி 24 மணிக் கணக்கு, பூச்சியம் இல்லை (0 முதல் 23). பெரிய எச் பூச்சியத்தோடு (00 முதல் 23). ஆகவே உங்களுக்கு வேண்டியது சிறிய ஜி, புள்ளி, சிறிய ஐ. புள்ளிக்கு அந்த ஃபங்ஷனில் தனிப் பொருள் எதுவும் இல்லை, அப்படியே வெளியே வந்துவிடும்.

இந்தப் பிழை பல மாதம் கண்ணில் படாமல் ஓடும். சோதிக்கும்போது 14:11:05 மாதிரி ஒன்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் சோதனைக்கு நிமிடம் 12க்கு மேல் உள்ள நேரத்தை எடுங்கள்: 18:47. 47 திரும்பி வராவிட்டால் எழுத்து தப்பு.

மொழிபெயர்ப்பான்:
இதில் குழம்பாதவர் கிடையாது, ஒவ்வொரு இடத்திலும் எம் ஒவ்வொரு மாதிரி. பிஎச்பி டேட்டில் சிறிய எம் மாத எண், பெரிய எம் மாதப் பெயரின் மூன்றெழுத்து. மைஎஸ்க்யூஎல் டேட் ஃபார்மேட்டில் சதவீதக் குறி போட்டு சிறிய எம் மாத எண், பெரிய எம் மாதப் பெயர், நிமிடத்துக்கு சிறிய ஐ. பைத்தானின் ஸ்ட்ரிஎஃப்டைமில் பெரிய எம் நிமிடம், சிறிய எம் மாதம். ஜாவா, டாட்நெட், ஐசியு (பல மொழிகளின் தேதி, நேர வடிவங்களைத் தரும் நூலகம்) மூன்றிலும் தலைகீழ்: சிறிய எம் நிமிடம், பெரிய எம் மாதம்.

ஒரே திட்டத்தில் எஸ்க்யூஎல்லும் பிஎச்பியும், ஐசியுவை பிஎச்பிக்குள் கொண்டுவரும் இண்ட்ல் நீட்டிப்பும் கலந்திருந்தால் மூன்று அகராதி. ஃபார்மேட் சரங்களை ஒரே கோப்பில் மாறிலிகளாக வைத்து, எந்த ஃபங்ஷனுக்கு உரியது என்று பெயரிலேயே எழுதிவிடுங்கள். பக்கம் பக்கமாகத் தூவினால் பிறகு பொறுக்க முடியாது.

அரைப்புள்ளி:
இனி ஐந்தரை மணி நேரம். சர்வரில் பிஎச்பிக்கு நேர மண்டலம் சொல்லாவிட்டால் அது யுடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) என்று எடுத்துக்கொள்ளும். சொல்ல இரண்டு வழி. ஒன்று பிஎச்பி டாட் இனி கோப்பில் டேட் டாட் டைம்சோன் வரியில் "ஏசியா/கொல்கத்தா". இன்னொன்று, எல்லாப் பக்கமும் முதலில் சேர்க்கும் கோப்பில் டேட் டீஃபால்ட் டைம்சோன் செட் ஃபங்ஷனை அழைப்பது. பகிர்வு ஹோஸ்டிங்கில் இனி கோப்பைத் தொட முடியாவிட்டால் இரண்டாவதுதான்.

"ஏசியா/சென்னை" என்று ஒரு மண்டலம் கிடையாது. அதை எழுதினால் எச்சரிக்கை ஒன்று லாகில் விழும், மண்டலம் யுடிசியாகவே நிற்கும். எச்சரிக்கையை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு அதுவும் தெரியாது.

டெபியன், உபுண்டுவில் இன்னொன்று. கமாண்ட் லைனுக்கு ஒரு இனி கோப்பு, வலைப்பக்கங்களுக்கு பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்முக்கு வேறு இனி கோப்பு. ஒன்றை மட்டும் திருத்தினால் பக்கத்தில் சரியாகவும், கிரான் (குறித்த நேரத்தில் கமாண்ட் லைனில் தானாக ஓடும் வேலை) வழியாகப் போகும் நினைவூட்டல் மின்னஞ்சலில் தப்பாகவும் வரும். திருத்தியபின் எஃப்பிஎம்மை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

தசமம்:
அண்ணா, ஐந்தரை மணி நேரத்துக்கான 19800 நொடியைக் கூட்டிவிட்டால் முடிந்ததே? பல கோடுகளில் அப்படித்தான் பார்க்கிறேன்.

அரைப்புள்ளி:
இப்போதைக்கு எண் சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் நேரமுத்திரை (1970 ஜனவரி 1, யுடிசி 00:00 முதல் எண்ணிய நொடிகள்) பொய்யாகிவிட்டது. அதை இன்னொரு ஃபங்ஷன் வாங்கி, அதுவும் மண்டலம் சேர்த்தால் யுடிசியிலிருந்து பதினொரு மணி நேரம் தள்ளிப் போகும். யார் கூட்டியது, யார் கூட்டவில்லை என்று பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது. 19800ஐத் தேடி எல்லாவற்றையும் நீக்குங்கள், மண்டலத்தை ஒரே இடத்தில் சொல்லுங்கள்.

கையால் சரிபார்க்க எளிய எண் 1700000000. யுடிசியில் அது 2023 நவம்பர் 14, 22:13:20. நம் நேரத்தில் நவம்பர் 15, 03:43:20. தேதியே மாறுகிறது பாருங்கள். இந்த எண்ணைக் கொடுத்து 15ஆம் தேதி அதிகாலை வந்தால் மண்டலம் சரி.

டேட்டைம் வகுப்புக்கு இதே எண்ணை முன்னால் அட் குறி போட்டுக் கொடுப்பவர்கள் கவனிக்க: கூடவே மண்டலத்தை இரண்டாவது மதிப்பாகக் கொடுத்தாலும் அது புறக்கணிக்கப்படும். அட் குறி வந்தாலே +00:00 தான். உருவாக்கிய பிறகு செட் டைம்சோன் அழைக்க வேண்டும். இம்யூட்டபிள் (மாற்ற முடியாத) வகையில் அது புதிய பொருளைத் திருப்பும், அதை மாறியில் வாங்கவில்லை என்றால் எதுவும் மாறியிருக்காது.

உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பும் எண் மில்லிநொடி. அப்படியே டேட்டுக்குக் கொடுத்தால் ஆண்டு 55,000ஐத் தாண்டும். 1000ஆல் வகுங்கள்.

மணிக்கூண்டு:
மண்டலம் போட்டதும் நேரம் சரியாகிவிட்டது, நன்றி. நீளம் மட்டும் இன்னும் 06:30:00. இப்போது சர்வரிலும் அப்படியே வருகிறது.

அரைப்புள்ளி:
வரத்தான் செய்யும். டேட் ஃபங்ஷன் 3600ஐ "1970 ஜனவரி 1, யுடிசி 01:00" என்ற கணமாகப் பார்க்கிறது. நம் மண்டலத்தில் அந்தக் கணம் காலை 6.30. நீங்கள் கேட்டது எவ்வளவு நேரம். அது சொன்னது எப்போது. எப்போதும் யுடிசியில் காட்டும் ஜிஎம்டேட் போட்டால் 01:00:00 வரும், பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். 24 மணி நேரம் ஆனதும் அதுவும் சுற்றிவரும். 90000 நொடி, அதாவது 25 மணி நேரம், 01:00:00 என்று வரும். மூன்று நாள் விழாவின் மொத்த நேரத்தை இப்படிக் காட்டினால் கதை முடிந்தது.

கணக்காகவே செய்யுங்கள். மொத்த நொடியை இன்ட்டிவ் (முழு எண் வகுத்தல்) கொண்டு 3600ஆல் வகுத்தால் மணி. 3600ஆல் வகுத்த மீதியை மறுபடி 60ஆல் இன்ட்டிவ் செய்தால் நிமிடம். மொத்தத்தை 60ஆல் வகுத்த மீதி நொடி. கடைசியில் எஸ்பிரிண்ட்எஃப் கொண்டு இரண்டு இலக்கப் பூச்சிய நிரப்பல்.

எதிர்மறை வந்தால் உடையும். பிஎச்பியில் மீதியின் குறி வகுபடும் எண்ணின் குறியாகவே இருக்கும், அதனால் -90 நொடி "00:-1:-30" என்று அச்சாகும். முதலில் குறியைத் தனியே எடுத்துவைத்து, முழு மதிப்பில் கணக்கிட்டு, கடைசியில் முன்னால் ஒட்டுங்கள்.

டேட்இன்டர்வல் வகுப்பு இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். 3600 நொடி என்று உருவாக்கி மணி, நிமிடம், நொடி கேட்டால் 00:00:3600 தரும். நொடியை மணியாக்குவது அதன் வேலையில்லை. இரண்டு டேட்டைம்களின் டிஃப் மூலம் வந்தால் பிரித்துக் கொடுக்கும், ஆனால் மணியில் நாட்கள் சேராது. 25 மணி நேர இடைவெளி "1 நாள், 1 மணி" என்று இரண்டு இடத்தில் இருக்கும். நீங்கள் மணியை மட்டும் அச்சிட்டால் 01.

தசமம்:
டேட்டாபேஸ் பக்கமிருந்து: மைஎஸ்க்யூஎல்லின் டைம் வகை கடிகார நேரத்துக்கு மட்டுமானது அல்ல, -838:59:59 முதல் 838:59:59 வரை பிடிக்கும். நொடியை டைம் வகையாக்கும் செக் டு டைம் ஃபங்ஷனும் அதே எல்லையில் நின்றுவிடும், அதாவது 35 நாளுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போகக்கூடிய கூட்டுத்தொகைகளை முழு எண் நொடியாகவே வைக்கலாம்.

மணிக்கூண்டு, தொடக்க நேரம் எந்த வகையில் இருக்கிறது? அதைச் சொல்லவில்லையே.

மணிக்கூண்டு:
புதிய பதிவுகள் நேரமுத்திரை எண். பழைய பதிவுகள் ஒரு 400 இருக்கும், அவை டெசிமல் ஃபீல்டில் 9.30, 18.05 என்று. முன்பு யாரோ செய்தது. சில பக்கங்களில் 9.3 என்று வருகிறது, நம்பர் ஃபார்மேட் போட்டு 9.30 ஆக்கிக்கொள்கிறேன்.

தசமம்:
இந்த இழையிலேயே பெரிய கோளாறு அதுதான், கடைசியாக எடுத்து வைக்கிறீர்கள்!

தமிழில் அச்சில் நாம் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே புள்ளிதான் வைக்கிறோம். கண்ணுக்கு அது நேரம், கணினிக்கு அது தசமம். 9.30உடன் 45 நிமிடத்தைக் கூட்ட 0.45 சேர்த்தால் 9.75. "காலை 9.75 மணி" என்று அச்சான பக்கத்தைப் பார்த்தால் பின்னால் இப்படி ஒரு ஃபீல்டு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பிடிஓ (பிஎச்பி டேட்டாபேஸோடு பேசும் வழி) டெசிமலைச் சரமாகத் தரும்வரை 9.30 என்றே தெரியும். ஃப்ளோட்டாக மாற்றிய அடுத்த நொடி 9.3.

மாற்றும்போது உள்ள பொறி: பின்னப் பகுதியை 100ஆல் பெருக்கி இன்ட் ஆக்குவார்கள். 8.29ஐ எடுங்கள். 8ஐக் கழித்து 100ஆல் பெருக்கினால் ஃப்ளோட்டில் 28.99 சொச்சம். இன்ட் ஆக்கினால் 28. ஒரு நிமிடம் காணாமல் போகும், அதுவும் சில நேரங்களுக்கு மட்டும். ரவுண்ட் போடுங்கள். அதைவிட நல்லது, சரமாக வாங்கி புள்ளியில் வெட்டுவது. இடப்பக்கம் மணி, வலப்பக்கம் நிமிடம்.

எஸ்க்யூஎல்லில் ஃபீல்டின் வகையை நேரடியாக டைம் என்று ஆல்டர் செய்துவிடாதீர்கள். 9.30 என்பதை அது 9 நொடி, சொச்சம் .30 என்று படித்து 00:00:09 ஆக்கிவிடும். முக்காற்புள்ளி இல்லாத எண்ணுக்கு வலக்கோடியிலிருந்து நொடி என்று எண்ணுவதே அதன் வழக்கம். 1112 என்றால் 11 நிமிடம் 12 நொடி, "11:12" என்றால்தான் 11 மணி 12 நிமிடம். ஆகவே புதிய ஃபீல்டு சேர்த்து, முழுப் பகுதியை 3600ஆல், பின்னப் பகுதியின் நூறு மடங்கை ரவுண்ட் செய்து 60ஆல் பெருக்கி, கூட்டி, செக் டு டைமுக்குக் கொடுத்து நிரப்புங்கள். பழைய ஃபீல்டை இரண்டு வாரம் கழித்து நீக்கலாம்.

அதற்கு முன் ஒரு வினவல்: பின்னப் பகுதி .59க்கு மேல் உள்ள வரிசைகளை எடுங்கள். 9.75, 6.90 மாதிரி ஏதாவது வந்தால், பதிந்தவர்களில் யாரோ உண்மையிலேயே தசம மணியாகப் பதிந்திருக்கிறார் அல்லது யாரோ கூட்டியிருக்கிறார். அப்போது 9.50 என்பது ஒன்பது ஐம்பதா, ஒன்பதரையா என்று ஃபீல்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வரிசைகளை அழைப்பிதழோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும். 400தான் என்றால் ஒரு மாலை வேலை.

மணிக்கூண்டு:
வினவல் ஓட்டினேன். .59க்கு மேல் 11 வரிசைகள். எல்லாம் .75. நாற்பத்தைந்து நிமிடம் சேர்த்துவிட்ட கதைதான் போல.

தசமம்:
.75 மட்டும் என்றால் இரண்டும் சாத்தியம். முக்கால் மணி என்று .75 பதிந்திருக்கலாம். அதே ஆள் பதிந்த மற்ற வரிசைகளில் .25, .50 இருக்கிறதா பாருங்கள். .30, .45 இருந்தால் அந்த ஆள் நிமிடமாகப் பதிபவர், 9.75 கூட்டலில் வந்தது, 10.15 ஆக்கலாம். .25, .50 மட்டுமே இருந்தால் தசமக்காரர், 9.45.

யாழ்_இழை:
இலங்கைப் பக்கத்தில இருந்து ஒரு சின்னச் சேர்ப்பு. எங்கட நிகழ்ச்சிகளும் போடுறீங்கள் எண்டால் "ஏசியா/கொல்கத்தா"வை எங்களுக்கும் பாவிக்க வேண்டாம். இண்டைக்கு ரெண்டும் +05:30 தான், அதால வித்தியாசம் தெரியாது. ஆனா இலங்கை 1996 மே 25இல +06:30க்குப் போய், அதே வருசம் ஒக்ரோபர் 26இல +06:00க்கு வந்து, 2006 ஏப்ரல் 15இலதான் திரும்ப +05:30க்கு வந்தது. அந்தப் பத்து வருசப் பதிவுகளை கொல்கத்தா மண்டலத்தில காட்டினால் அரை மணித்தியாலம், முதல் ஐஞ்சு மாதத்துக்கு ஒரு மணித்தியாலம் பிழைக்கும். "ஏசியா/கொழும்பு" எண்டு போட்டால் டைம்சோன் தரவே பாத்துக்கொள்ளும்.

மண்டலச் சுருக்கத்தையும் நம்ப வேண்டாம். பெரிய டீ போட்டால் கொல்கத்தாவுக்கு ஐஎஸ்டி வரும், கொழும்புக்கு எழுத்துச் சுருக்கம் இல்லை, எண் வரும். ஐஎஸ்டி எண்டுறது அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் கூட. "இந்திய நேரம்", "இலங்கை நேரம்" எண்டு எழுதுறதுதான் வாசிக்கிறவருக்கு விளங்கும்.

காலை மாலை பற்றி: எங்கட அரச அறிவித்தல்களில மு.ப. 9.30, பி.ப. 3.00 எண்டுதான் போடுறது. வெட்டுற இடம் பற்றின சண்டையே இல்லை, 12க்கு முன் மு.ப., பின் பி.ப.

மொழிபெயர்ப்பான்:
அது நேர்த்தியான வழி, ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அழைப்பிதழ் வாடை வராது. வெட்டும் இடத்துக்கு வருவோம்.

ஐசியுவின் தமிழ்த் தரவில் நாளின் பகுதிகள் இருக்கின்றன, இண்ட்ல்டேட்ஃபார்மேட்டரின் பேட்டர்னில் பெரிய பி போட்டால் வரும். அதில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை "அந்தி மாலை". இரவுச் சாப்பாட்டை "அந்தி மாலை 8.30" என்று யாராவது அழைப்பார்களா? அதோடு இந்தத் தரவு ஐசியு பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஐசியு 72இல் ஆங்கிலத்தில் ஏஎம், பிஎம்முக்கு முன் இருந்த சாதாரண இடைவெளியை ஒடுங்கிய பிரியா இடைவெளியாக மாற்றினார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சரத்தை ஒப்பிடும் சோதனைகள் உலகெங்கும் உடைந்தன. சர்வரை மேம்படுத்தும்போது பக்கத்தில் சொல் மாறக்கூடாது என்றால் சொந்தமாக எழுதுங்கள், ஏழு வரிதான்.

நான் வைப்பது: 0 மணி நள்ளிரவு, 1 முதல் 4 வரை அதிகாலை, 5 முதல் 11 வரை காலை, 12 நண்பகல், 13 முதல் 15 வரை பிற்பகல், 16 முதல் 18 வரை மாலை, 19 முதல் 23 வரை இரவு. பெரிய ஜி கொண்டு மணியை வாங்கி, இன்ட் ஆக்கி, மேட்ச் ட்ரூ கொண்டு ஒப்பிடுங்கள். கோடில் 08, 09 என்று எண்ணை எழுதிவிடாதீர்கள். முன்பூச்சியம் வந்தால் பிஎச்பி எண்ம முறை (எட்டின் அடிப்படை) என்று எடுத்து, 8ஐயும் 9ஐயும் பார்த்ததும் பிழை என்று நின்றுவிடும்.

அரைப்புள்ளி:
19இல் இரவு என்பதை ஏற்க மாட்டேன். கச்சேரி அழைப்பிதழ் எதை எடுத்தாலும் "மாலை 7 மணி"தான். பேருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால் "இரவு 7 மணி". ஒரே நேரம், இரண்டு சொல். நிகழ்ச்சித் தளம் என்பதால் இரவை 20இல் தொடங்குங்கள். "நண்பகல் 12.40" என்பதும் இடிக்கிறது. 12.00க்கு மட்டும் நண்பகல், மற்றபடி 12 மணியும் பிற்பகலில் சேரட்டும்.

மொழிபெயர்ப்பான்:
ஒப்புக்கொள்கிறேன், 20. நண்பகலுக்கு நிமிடத்தையும் பார்க்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

ஃபார்மேட் சரத்துக்குள் தமிழை நேராக எழுதலாம். டேட் ஃபங்ஷன் ஆங்கில எழுத்துகளை மட்டுமே குறியாகப் பார்க்கும், தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் தொடப்படாமல் வெளியே வரும். ஐசியுவிலும் மேற்கோள் தேவையில்லை. டேட் ஃபங்ஷனில் ஆங்கிலச் சொல் சேர்த்தால்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் முன் பின்சாய்வு வேண்டும். அப்போது ஒற்றை மேற்கோளைப் பயன்படுத்துங்கள். இரட்டை மேற்கோளில் பின்சாய்வு சிறிய என் புதுவரியாகவும், சிறிய டீ தாவல் இடைவெளியாகவும் மாறிவிடும்.

நிமிடம் 00 என்றால் ".00"ஐ விட்டுவிடுங்கள். "மாலை 6 மணி" போதும், "6.00 மணி" படிவ நடை.

பழையபெட்டி:
நள்ளிரவு என்றதும் ஒன்று. பழைய ஏஎஸ்பி தளம் வைத்திருப்பவர்களுக்கு: விபிஸ்கிரிப்டில் தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பை அப்படியே சரமாக்கினால், நேரம் சரியாக 00:00:00 ஆக இருந்தால் நேரப் பகுதியே அச்சாகாது, தேதி மட்டும் வரும். பட்டியலில் ஒரு வரி மட்டும் குட்டையாக நிற்கும். ஃபார்மேட்டேட்டைம் ஃபங்ஷனில் 4 கொடுத்தால் 24 மணிக் கணக்கில் மணியும் நிமிடமும் வரும், நள்ளிரவுக்கும் 00:00.

ஆனால் நள்ளிரவில் பெரிய வம்பு மொழியில் இருக்கிறது. "14ஆம் தேதி இரவு 12.30" என்று சொன்னால் ஊரில் எல்லோரும் 14 போய் 15 பிறக்கும் இரவு என்று எடுப்பார்கள். டேட்டாபேஸில் 14ஆம் தேதி 00:30 என்று பதிந்தால் அது ஒரு நாள் முன்னால். பதிவுப் படிவத்திலேயே, 0 முதல் 4 மணிக்குள் தேர்ந்தெடுத்தால் "செவ்வாய் இரவு கழிந்து, புதன் 15ஆம் தேதி அதிகாலை" என்று முழுதாகக் காட்டி உறுதி கேட்கவும். 2025 பொங்கலன்று நிகழ்ச்சி என்றால் கிழமை செவ்வாய். கிழமையைப் பார்த்தவுடன் பதிபவருக்கே உறைக்கும்.

தசமம்:
வெளிநாட்டு வாசகர்கள் உண்டா? இணையவழி நிகழ்ச்சி என்றால் யுடிசியில் மட்டும் வைத்தால் போதும் என்று சொல்வார்கள். நடந்து முடிந்தவற்றுக்குச் சரி.

யாழ்_இழை:
வரப்போற நிகழ்ச்சிக்கு அது பிழை. சென்னையில மாலை 7 மணி எண்டால் அது யுடிசி 13:30, சென்னைக்கு எப்பவும் மாறாது. டொரொண்டோவில பாக்கிறவருக்கு கோடையில காலை 9.30, குளிர்காலத்தில காலை 8.30. இதுவரைக்கும் யுடிசி போதும். ஆனா நிகழ்ச்சி டொரொண்டோவில ஒவ்வொரு ஞாயிறும் மாலை 6க்கு எண்டால், யுடிசியில ஒரு தரம் பதிஞ்சு ஏழு ஏழு நாளாகக் கூட்டினால் மார்ச்சில ஒரு மணித்தியாலம் நழுவும். அங்க 2025இல மார்ச் 9ஆம் திகதி 2 மணி 3 ஆனது. நவம்பர் 2இல அதிகாலை 1.30 ரெண்டு தரம் வந்தது. வரப்போறதுக்கு உள்ளூர் நேரம், மண்டலப் பெயர் ரெண்டையும் வைச்சு, காட்டுற நேரத்தில மாத்துங்கோ. +05:30, -05:00 மாதிரி எண்ணை மட்டும் வைச்சால் கோடை மாற்றம் தெரியாது, பெயர்தான் வேணும்.

தசமம்:
மைஎஸ்க்யூஎல்லில் அதற்கு டேட்டைம் வகை. டைம்ஸ்டாம்ப் வகை யுடிசியாக மாற்றி வைத்து, இணைப்பின் மண்டலப்படி திருப்பித் தரும், போதாததற்கு 2038 ஜனவரி 19, யுடிசி 03:14:07உடன் முடிகிறது. கன்வர்ட் டீசெட் ஃபங்ஷனில் மண்டலப் பெயர் கொடுத்து நல் (வெற்று மதிப்பு) வந்தால் மண்டல அட்டவணைகள் ஏற்றப்படவில்லை என்று பொருள். ஏற்றும்வரை "+05:30" மாதிரி எண்கள் மட்டுமே ஓடும்.

மணிக்கூண்டு:
"5 நிமிடத்துக்கு முன் பதிந்தது" என்றும் காட்ட வேண்டும். எண், அலகு, "க்கு முன்" என்று மூன்றையும் ஒட்டியிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பான்:
அதுதான் "5 நிமிடம்க்கு முன்" என்று தமிழ்த் தளங்களில் பார்க்கிறோமே, அந்தக் கொடுமை. அலகுக்கு உருபேற்ற வடிவத்தைத் தனியாக வையுங்கள்: நிமிடத்துக்கு, நிமிடங்களுக்கு, நாளுக்கு, நாட்களுக்கு, மாதத்துக்கு, மாதங்களுக்கு. ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று, அட்டவணையாக. எண்ணோடு வரும்போது பேச்சில் "5 நிமிடம்" என்றே சொல்கிறோம், பன்மை கட்டாயமில்லை என்பது என் கட்சி. ஆனால் உருபு கட்டாயம்.

மணியில் கூடுதல் கவனம். "2 மணிக்கு முன்" என்றால் கடிகாரத்தில் இரண்டு அடிப்பதற்கு முன். "2 மணி நேரத்துக்கு முன்" என்றால்தான் நீங்கள் நினைப்பது. ஒரு "நேரம்" விட்டுப்போனால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், பொருள் மட்டும் வேறு. எந்தச் சோதனையும் பிடிக்காது.

"நேற்று" என்பதை 24 மணி நேரக் கழித்தலால் முடிவு செய்யாதீர்கள். இரவு 11.50க்குப் பதிந்ததை 12.10க்குப் பார்ப்பவருக்கு அது 20 நிமிடத்துக்கு முன். காலை 8க்குப் பார்ப்பவருக்கு நேற்று. இரண்டு நேரத்தையும் வாசகர் மண்டலத்துக்கு மாற்றி, தேதிப் பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள்.

பழையபெட்டி:
பக்கத்தை கேஷ் செய்தால் இதெல்லாம் உறைந்துவிடும். ஒரு மணி நேர கேஷில் "1 நிமிடத்துக்கு முன்" ஒரு மணி நேரம் நிற்கும். சர்வர் முழுத் தேதி, நேரத்தை டைம் குறிச்சொல்லுக்குள் அச்சிடட்டும், அதன் டேட்டைம் பண்புக்கூறில் +05:30உடன் முழு வடிவம் (பிஎச்பியில் சிறிய சி). "முன்" என்ற கணக்கை உலாவி செய்யட்டும். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் வாசகருக்கு உண்மையான நேரம் தெரியும்.

மணிக்கூண்டு:
எல்லாம் மாற்றிவிட்டேன். .75 வரிசைகளில் ஒன்பது கூட்டல், இரண்டு தசமம். கடைசியாக ஒன்று: திருத்தும் படிவத்தில் நேரப் பெட்டி காலியாக வருகிறது. மதிப்பு போகிறது, மூலத்தில் "6.05" தெரிகிறது.

அரைப்புள்ளி:
நேர வகை உள்ளீட்டுப் பெட்டி ஏற்பது 24 மணிக் கணக்கு, முன்பூச்சியம், முக்காற்புள்ளி மட்டும். பெரிய எச், முக்காற்புள்ளி, சிறிய ஐ. காலை 6.05 "06:05" ஆகவும் மாலை 6.05 "18:05" ஆகவும் போக வேண்டும். வேறு எதைக் கொடுத்தாலும் பிழை காட்டாது, வெறுமையாக நிற்கும். தமிழ்ப் பாணி ஃபங்ஷனை வாசிக்கும் பக்கத்தில் மட்டும் அழையுங்கள், படிவத்தில் வேண்டாம். திரும்பி வரும் மதிப்பை கிரியேட் ஃப்ரம் ஃபார்மேட் கொண்டு படிக்கும்போது ஃபார்மேட்டின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி சேருங்கள். இல்லாவிட்டால், தேதியை மட்டும் படிக்கும் இடத்தில், படித்த அந்த நொடியின் கடிகார நேரம் அதற்குள் புகுந்துகொள்ளும். பிப்ரவரி 31 மாதிரி வந்தால் மார்ச் 3 (லீப் ஆண்டில் மார்ச் 2) என்று சத்தமில்லாமல் நகர்த்தும். கெட் லாஸ்ட் எரர்ஸில் எச்சரிக்கை எண்ணிக்கையைப் பாருங்கள்; 8.2 முதல், எதுவும் இல்லை என்றால் அது அணிக்குப் பதில் ஃபால்ஸ் தரும், அதையும் கவனித்து எழுதுங்கள்.

மணிக்கூண்டு:
எச்சுக்கு மாற்றியதும் பெட்டியில் 18:05 வந்துவிட்டது. பக்கத்தில் "மாலை 6.05 மணி". 18:47ம் போட்டுப் பார்த்தேன், 47 திரும்பி வந்தது.